விரல்களுக்கு வந்த ஆங்கிலப் பெயர்

இன்று காலை கதவுக்குப் புதுப் பலகை போட வந்த தச்சர், சீவிய வேப்பம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஒரு கணு கிடக்கு அம்மா. வேறை பலகை பாப்பமோ?" என்று கேட்டார். குனிந்து தடவிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வழுவழுவென்றிருக்க, அந்த இடம் மட்டும் சீவுளிக்கு அடங்காமல் புடைத்து நின்றது. உன் வலக்கை நடுவிரல் மூட்டு இப்படித்தான் இருக்கும். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். நீ போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. உன்னைப் பற்றிய இந்த ஒன்றை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ சங்கீதமும் தையலும், நான் ஆங்கிலமும் படிப்பித்த காலம் அது. ஆசிரியைகள் விடுதியில் நமக்கு ஒரே அறை. காலை வழிபாட்டுக்கு ஓர்கன் வாசிப்பது நீ. அந்தப் பழைய பெட்டி வேறு யார் மிதித்தாலும் இருமும். உன் காலுக்கும் கைக்கும் மட்டும் பாடும். கலியாணப் பேச்சுகளை எல்லாம் நீ தட்டிக் கழித்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். "புருசன் வீட்டிலை ஓர்கன் இருக்குமோ எண்டு முதலிலை கேட்டுச் சொல்லுங்கோ" என்று தரகரிடமே சொன்னவள் நீ.

பிறகு மழைக்காலத்துக் காலைகளில் உன் விரல்கள் மடங்க மறுத்தன. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வந்தபோது உன் முகத்தில் கவலை இல்லை. டொக்டர் சொன்ன சொல்லைப் பரிசு வாங்கியவள் போலக் கொண்டுவந்தாய்.

"எடி, எனக்கு என்ன கிடைச்சிருக்குத் தெரியுமோ? நொடோசிற்றி!"

"அதென்ன, லண்டன் சோதினையோ?"

"ஓம், பாஸ் பண்ணிட்டன். வா, அகராதியைப் பாப்பம்."

நூல்நிலையத்துப் பெரிய அகராதியை இருவரும் சேர்ந்துதான் விரித்தோம். கணுக்களும் முடிச்சுகளும் நிறைந்திருக்கும் தன்மை என்று போட்டிருந்தது. மரத்துக்கும் சொல்லலாம், செடியின் தண்டுக்கும் சொல்லலாம், வீங்கிய மூட்டுக்கும் சொல்லலாம். இலத்தீனில் 'நொடுஸ்' என்றால் முடிச்சு. அதிலிருந்து வந்த சொல். கழுத்தில் விழும் சுருக்கைச் சொல்லும் 'நூஸ்' அதற்குச் சொந்தம். கதையின் சிக்கல் அவிழும் இடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்றும் சொந்தம். ஆனால் முடிச்சுக்கு நாம் நாளாந்தம் சொல்லும் 'நொட்' என்ற சின்ன ஆங்கிலச் சொல், சாயலில் ஒத்திருந்தாலும், அந்தக் குடும்பம் அல்ல. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. இதைக் கண்டபோது நமக்கு எத்தனை சந்தோஷம்! நீ உன் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, "இலத்தீன் விரல்" என்றாய்.

"எங்கடை தமிழிலை விரற்கணு எண்டு இருக்குத்தானே" என்றேன்.

"போடி. விரற்கணு ஊரிலை எல்லாருக்கும் இருக்கு. இது டொக்டர் எனக்கு மட்டும் தந்தது."

அந்தச் சொல் உனக்கு நல்ல காவலாக இருந்தது. கை எப்படி என்று யார் கேட்டாலும் சிரித்தபடி அதைச் சொல்வாய். மற்ற ஆசிரியைகள் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அத்தனை நீளமான பெயருள்ள வருத்தத்தைப் பற்றி மேலே என்ன கேட்பது? நம் ஊரில் ஆங்கிலம் வந்து நின்றால் மற்றப் பேச்செல்லாம் வழிவிட்டு விலகி நிற்கும்.

உன் அம்மாவும் விலகி நின்றார். அதுதான் எனக்கு ஆறவில்லை. அச்சுவேலியில் உங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்கள் முழங்கால் நோவென்றால் அவரிடம்தான் வருவார்கள். நொச்சியிலையை வறுத்துத் துணியில் பொட்டளி கட்டி அவர் ஒத்தணம் கொடுத்தால் நொண்டி வந்தவர்கள் நிமிர்ந்து போவார்கள். ஒரு விடுமுறைக்கு நானும் உன்னோடு வந்திருந்தபோது, "மாமி, இவளுக்கும் ஒத்தணம் குடுத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"ஐயோ பிள்ளை, இது இங்கிலீசு வருத்தம். பேர்கூட என்ரை வாய்க்குள்ளை வருகுதில்லை. எங்கடை நொச்சியிலைக்கு இது கேக்குமோ? ஏதும் பிழைச்சுப்போனால் டொக்டர் என்னையெல்லோ ஏசுவார்."

"சும்மா இரடி," என்றாய் நீ. "உந்தப் பொட்டளியைக் கட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கூடம் முழுக்க மணக்கும்."

இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்படியே வருஷங்கள் போயின. முதலில் கடினமான கீதங்களை விட்டாய். பிறகு இடக்கையை விட்டாய். ஒரு திங்கட்கிழமை கீதத்தின் நடுவே வாசிப்பு நின்றது. பிள்ளைகள் நிறுத்தத் தெரியாமல் தாங்களாகவே பாடி முடித்தார்கள். நீ மூடியை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாய். அந்தத் தவணையோடு வேலையையும் விட்டு ஊருக்குப் போனாய்.

அடுத்த விடுமுறையில் உன்னைப் பார்க்க வந்தேன். தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கினாய். அது வழுக்கி மடியில் கொட்டியது. நீ வழக்கம்போல ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தாய். மாமி விடவில்லை.

"இங்கிலீசும் மண்ணாங்கட்டியும்! கையைக் கொண்டா பிள்ளை."

அடுப்படிக்குப் போய்ச் சட்டியை வைத்தார். சூட்டை முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பொட்டளியை உன் ஒவ்வொரு மூட்டாக ஒற்றினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். உன் தோள்கள் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் இத்தனை காலமும் அவை உயர்ந்தே இருந்தன என்பது எனக்குப் புரிந்தது.

"நோகுதோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

அவ்வளவுதான். பகிடி இல்லை, இலத்தீன் இல்லை. அதற்குப் பிறகு மாமி தினமும் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். விரல்கள் நிமிரவில்லை, ஆனால் நித்திரை கொண்டாயாம். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது நெருப்புக்காய்ச்சல். கைகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நேரத்தோடு ஒற்றியிருந்தால் ஓர்கன் உன்னிடம் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்குமோ என்று நான் டொக்டர்களைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நமக்குள் எத்தனையோ சொற்களைத் துருவி ஆராய்ந்திருக்கிறோம். அவற்றின் பூர்வீகம் பலதும் எனக்கு மறந்துவிட்டது. அன்று உன் அம்மாவுக்கு நீ சொன்ன அந்தச் சின்ன 'ஓம்' மட்டும் அதே குரலில் என்னிடம் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளை வருத்தம் என்று வந்து நின்றால், அதன் பெயரை நான் கேட்பதில்லை. எங்கே நோகிறது என்று கேட்டுவிட்டு, அந்த ஓமுக்காகக் காத்திருக்கிறேன்.