நிமியாவின் இதயப் படம்

மார்ச் 4, செவ்வாய்

டயாலிசிஸ் முடிய இன்றும் நான்கு மணி நேரம். டாக்டர் ஒலாசார் அம்மாள் ஓர் ஆராய்ச்சிக்கான சம்மதத் தாளை நீட்டினார். சிறுநீரகம் கெட்ட பிள்ளைகளின் இரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு, அவர்களுடைய இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறார்களாம். அம்பாரோ கையெழுத்துப் போட்டாள். நிமியாவைப் பெற்றவள் அவள்தானே. அவளைக் கட்டிக்கொண்டு நான் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"புதுசா ஊசி கிடையாதுல்ல?" என்றாள் நிமியா. பதினொரு வயது.

கிடையாது, வழக்கமாக எடுக்கும் இரத்தமே போதும் என்றார்கள்.

"அப்ப எடுத்துக்கோங்க. மிச்சமிருந்தா வெனானுக்குக் குடுங்க, தலையில முடியாவது முளைக்கட்டும்."

வார்டே சிரித்தது. என் வழுக்கையைத் தடவிக்கொண்டு நானும்தான்.

மார்ச் 13, வியாழன்

நிமியாவின் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். சுவர் தடித்துவிட்டதாம். துடிப்புக்குத் துடிப்பு இரத்தத்தைத் தள்ளும் வலு நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும், நாற்பத்தொன்றுதான் இருக்கிறது. முந்நூறை ஒட்டி இருக்க வேண்டிய கழுத்துச் சுரப்பியின் ஹார்மோன் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

"இந்த இதயத்தோட மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது. பால், சீஸ்ல இருக்குற பாஸ்பரஸ்தான் அந்த ஹார்மோனை ஏத்திவிடும், அது இதயத்தைக் கெடுக்கும். குடுக்குறதில்லையே?"

"சத்தியமா இல்ல டாக்டர்" என்றாள் அம்பாரோ.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14

என்னடா செஞ்சுட்ட, வெனான்சியோ.

மார்ச் 15, சனி

டாக்டர் எதிரிலேயே அம்பாரோவிடம் சொல்லிவிட்டேன். பள்ளி நாட்களில் அவளுக்கு என் அடுப்பிலிருந்து சூடாக ஒரு சிபா. அந்த ரொட்டியில் பாதி சீஸ்தான். எட்டு மாதமாக. என்னோடு ஒட்டாத பிள்ளை, அதைக் கையில் வாங்கிய அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுப் பேசினாள் — அதை எப்படி நிறுத்துவேன்?

"நான் பாலைக் கண்ணுல காட்டாம வளர்க்குறேன், நீ எனக்குத் தெரியாம விஷம் குடுத்தியா?"

விஷம் என்றாள் அம்பாரோ.

"அவரைத் திட்டாதம்மா! நான்தான் கேட்டேன். பாஸ்பரஸுக்குக் குடுக்குற மாத்திரையையும் நான்தான் துப்பினேன்."

டாக்டர் கோபப்படவில்லை. "சிபா மட்டும் காரணம் இல்ல. இந்த ஆராய்ச்சிக்குப் படம் எடுக்கலேன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, இல்லேன்னா மருந்தைத்தான் வீணா ஏத்திட்டிருப்பேன்."

அந்த அம்மாள் நூறு வயது இருக்கட்டும்.

மே 6, செவ்வாய்

டயாலிசிஸை வாரம் நான்கு நாளாகக் கூட்டியிருக்கிறார்கள். நிமியா சாப்பாட்டோடு மாத்திரையை மென்றுவிட்டு, என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டுகிறாள். "போலீஸ்காரரே, பார்த்துக்கோங்க." ஹார்மோன் எழுநூறுக்கு இறங்கியிருக்கிறது.

அம்பாரோ என்னோடு இன்னும் பேசவில்லை. ஆனால் மத்தியானம் ஐஸ் போட்ட தெரெரே தேநீரை ஊற்றி, முதல் குவளையை என்னிடம் நீட்டினாள். வெயிலுக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது!

செப்டம்பர் 16, செவ்வாய்

இதயத்தின் வலு ஐம்பத்தாறு! ஹார்மோன் முந்நூற்றுச் சொச்சம். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்பாரோ என் தோளைத் தட்டி, "வா, போலாம்" என்றாள்.

வெளியே வந்தால் லூக்கே போகிற எங்கள் பஸ் நகர்ந்துவிட்டது. "நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே நிமியா ஓடினாள். நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம். ஓடுகிறாள்!

படியில் ஒரு காலை வைத்தபடி டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"ஒரு நிமிஷம் இருங்க. எங்க அப்பா கொஞ்சம் மெதுவாத்தான் வருவாரு."