காருக்குள் கேட்காமல் போன என் குரல்

அன்பு மகள் நோவ்லெட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்கால் போடுகிறேன். இந்தக் கடிதத்தை நீ கோபத்தோடுதான் பிரிப்பாய் என்று தெரியும், ஆனாலும் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லாமல் நான் எந்தக் கடிதத்தையும் தொடங்கியதில்லை, இதையும் அப்படித்தான் தொடங்குவேன். உன் மகள் கடீஷா எழுதிய எட்டுப் பாடத்தில் ஆறில் முதல் தரம், இரண்டில் இரண்டாம் தரம், பாஸ்டர் ஆராதனையில் அவள் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார், அவளோடு நானும் எழுந்து நின்றுவிட்டேன், உன் அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. உன் தம்பி லின்வலின் பையன் டஜே மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான், முதலில் வந்தவனுக்கு மீசை இருந்தது, அதை நடுவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. சின்னவள் அமோயா எழுத்துக்கூட்டும் போட்டியில் பள்ளிக்கே முதலாவது, அவளை ஜெயிக்க வைத்த வார்த்தையை ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வாயில் சொல்லவே வரவில்லை. இவ்வளவும் நம் வீட்டுப் பிள்ளைகள், எவரும் கேட்டால் சொல்.

இனி உன் விஷயம். கடீஷா உன்னிடம் வருவதற்கான விசா வேலைக்காக கிங்ஸ்டனில் குறித்துக் கொடுத்த நாளில் அவள் போய் நிற்கவில்லை என்று தெரிந்ததும் நீ அனுப்பிய செய்தியை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். "ஒரே ஒரு வேலைதானம்மா சொன்னேன், அதையும் கெடுத்துட்டியே, பிள்ளைய விட மனசில்லாம நீயே நிறுத்திட்டியா" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதிலைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை நோவி. நடந்தது எல்லாமே போனால் நடந்தது, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் திட்டு.

லின்வல் வாடகைக்கு ஓட்டுகிற கார் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து இங்கே கப்பலில் வந்தது என்று உனக்குத் தெரியும். அதன் நடுவில் உள்ள திரையில் எல்லாமே அவர்கள் எழுத்து. நாங்கள் யாரும் படிப்பதில்லை, இடமிருந்து மூன்றாவது படம் பாட்டு, அதற்குக் கீழே போன் என்று கையால் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல் மரியாதையாக ஏதோ சொல்லும். அது காலை வணக்கம் என்று நினைத்து நான் பதில் வணக்கம் சொல்வேன், ஏதோ அட்டையைச் செருகவில்லை என்று புகார் சொல்கிறாள் என்பாள் கடீஷா. உன் அப்பாவுக்கு அந்தக் கார்க்காரியின் குரலைக் கேட்டாலே ஆகாது. "வீட்டுல ஒருத்தி போதாதா, கார்லயும் ஒருத்தி எம்மேல குறை சொல்லணுமா" என்று அவள் பேசத் தொடங்கும்போதெல்லாம் சத்தக் குமிழைப் பிடித்துக் குறைப்பார். நாளுக்கு நாள் குறைத்துக் குறைத்து ஒருநாள் அவளை ஊமையே ஆக்கிவிட்டார், ஆக்கிவிட்டு ஞாயிறு விருந்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார்.

அந்த வாரத்திலிருந்துதான் லின்வலின் போன் காரில் சரியாக வேலை செய்யவில்லை. இணைந்திருக்கிறது என்று திரை காட்டும், பாட்டு காதைப் பிளக்கும், ஆனால் அழைப்பு வந்தால் அந்தப் பக்கம் பேசுகிறவர் குரல் மட்டும் கேட்காது. நீ கூடக் கூப்பிட்டுவிட்டு அவன் பேசாமல் துண்டிக்கிறான் என்று என்னிடம் முறையிட்டாய். புதுச் சட்டத்தில் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தால் போலீஸ் விடாது, அதனால் அவனுக்கு இது பெரிய தலைவலி. போனை அணைத்துப் போட்டான், காரையும் அணைத்துப் போட்டான், போனைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு மறுபடி சேர்த்தான், வயரை மாற்றினான், ஒன்றும் நடக்கவில்லை. கடீஷா தன் போனை இணைத்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. "மாமா, ரெண்டு போனும் ஒரே மாதிரி ஊமையாகுதுன்னா கோளாறு போன்ல இல்ல, கார்லதான்" என்றாள். அவன் கேட்கவில்லை, சந்தையில் போன் கடை வைத்திருக்கும் பிகாவிடம் கொண்டுபோனான். பிகாவும் அந்த எழுத்து தெரியாதவன்தான், ஆனால் தெரிந்தவன் மாதிரி அழுத்துவான். பட்டியலில் இருந்த பழைய போன்களையெல்லாம் அழித்தான், கண்ணில் பட்ட கட்டத்தையெல்லாம் தட்டினான், "ஓட்டிப் பாரு, தானா சரியாகும்" என்று அனுப்பிவிட்டான். சரியாகவில்லை. அவன் தட்டியதில் ஒன்று மட்டும் மாறியது, அழைப்பு வந்தால் யாரும் தொடாமலே கார் தானாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

குறித்த நாளன்று இருட்டோடு கிளம்பினார்கள். லின்வல் ஓட்டினான், உன் அப்பா முன்னால், கடீஷா பின்னால், மடியில் உன் காகிதங்கள் இருந்த உறை. அந்த அலுவலகத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவள் தன் போனை என் மேசையில் வைத்துவிட்டாள். வறுத்த மீனும் மரவள்ளி அடையும் கட்டிக் கொடுத்தேன், ஜெபம் செய்து அனுப்பினேன். நீ சொன்ன மாதிரி பிள்ளையை விட மனமில்லாதவள் விடியுமுன் எழுந்து மீன் வறுப்பாளா நோவி. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம். அவர்கள் வளைவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் மிஸ் பேன்சி. கத்துகிறாள். "ஐசில்டா, ஆறு இறங்கிடுச்சு! மலையில ராத்திரி பூரா கொட்டியிருக்கு. தரைப்பாலத்துல நடுக்கல்லு உடைஞ்சு போறத என் கண்ணால பாத்தேன். லின்வல் கிளம்பிட்டானா?" என்று கேட்டாள். நம் ஊரில் ஆறு இறங்குகிறது என்றால் மலைவெள்ளம் மொத்தமாகக் கீழே பாய்ந்து வருகிறது என்று உனக்குத் தெரியும், உன் பள்ளித் தோழி வீட்டு மாடுகளைக் கொண்டுபோனது இதே மாதிரி மழையில்லாத ஒரு காலையில்தான். இருட்டில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் எப்போதும் போலத்தான் மின்னும், கல் இருக்கிறதா இல்லையா என்று வண்டிக்குள்ளிருந்து தெரியாது.

உடனே லின்வலைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்துவிட்டான், ஸ்தோத்திரம் என்று சொல்லி, "லின்வல், நிறுத்து" என்றேன். பதில் இல்லை. சக்கரத்தில் கல் நொறுங்குகிற சத்தம் கேட்கிறது, உன் அப்பா இருமுவது கேட்கிறது. "ரேடியோ மறுபடி செத்துடுச்சுடா, மரண அறிவிப்பு வர்ற நேரம்" என்கிறார். "பிகா கைவச்ச லட்சணம்பா" என்கிறான் லின்வல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கார் என் அழைப்பை எடுத்திருக்கிறது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. லின்வல் போனைச் சட்டத்துக்குப் பயந்து முன்பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறான். திரையிலாவது என் அழைப்பு தெரியுமே என்றால், இருட்டில் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று உன் அப்பா தன் கைக்குட்டையை அதன் மேல் போட்டு மூடியிருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன், அவர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி சாவகாசமாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள்.

துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். "இதோ வந்துடுச்சு" என்ற உன் அப்பாவின் குரல் முடிவதற்குள், "திரும்பப் போயிடுச்சு, இது என்ன பேயா பிசாசா" என்கிறார். என் அழைப்பு உள்ளே போனால் ரேடியோ அடங்குகிறது, நான் வைத்தால் ரேடியோ வருகிறது, அவ்வளவுதான் என்னால் அந்தக் காருக்குள் செய்ய முடிந்தது. கதவைத் தட்டுகிற மாதிரி வைத்து வைத்துக் கூப்பிட்டேன், யாருக்காவது தோன்றாதா என்று. தோன்றவில்லை. "இத கழட்டிட்டு ஒரு கோழிக்கூண்டு வச்சுக்கோ, அதாவது நேரத்துக்குக் கூவும்" என்று மகனைக் கிண்டல் செய்கிறார், அவன் சிரிக்கிறான், நான் வாசலில் முட்டி போட்டுக் கதறுகிறேன். சாலை இறக்கத்தில் வண்டியின் இரைச்சல் மாறுவது எனக்குக் கேட்டது. இறக்கம் முடிந்தால் ஆறு.

"தண்ணி கொஞ்சம் ஏறியிருக்கு போல" என்றான் லின்வல். "நேத்தும் இவ்வளவுதான் இருந்துச்சு, போ, நேரமாச்சு, பிள்ளை அங்க நிக்கணும்" என்றார் உன் அப்பா. அவன் கியரை மாற்றினான். அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆற்றின் இரைச்சல் போனுக்குள் கேட்கத் தொடங்கியது. அப்போது உன் அப்பா, "இன்னைக்கு கேக்காமப் போனா அந்த லாயிட் சவ அடக்கம் எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டு, ரேடியோவை வரவைக்கிறேன் என்று குமிழைப் பிடித்துக் கடைசிவரை திருகினார். அவர் திருகியது ரேடியோவுக்குப் போகவில்லை, எனக்கு வந்தது. என் குரல் அந்தக் கார் முழுக்க இடி மாதிரி விழுந்ததாம், "ஆறு இறங்கிடுச்சு, பாலம் இல்ல, நிறுத்துடா பாவி" என்று. லின்வல் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். முதலில் பேசினது உன் அப்பாதான், "ஐயோ, ஜப்பான்காரி நம்ம பேச்சு பேசுறாடா" என்றார். "நான்தான்யா, உன் பொண்டாட்டி" என்றேன். லின்வல் இறங்கி விளக்கடித்துப் பார்த்தான். முன்சக்கரத்துக்கு அப்பால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத்தான் கல் இருந்தது, அதற்கு மேல் வெறும் ஆறு. திரும்பி வந்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவன் பற்கள் அடித்துக்கொள்வது வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது.

மலையைச் சுற்றிப் போகிற வழியில் போனால் மதியம் தாண்டிவிடும், அதனால் திரும்பி வந்துவிட்டார்கள். இதுதான் உன் நாள் கெட்ட கதை. கடீஷாதான் பிறகு கண்டுபிடித்தாள், அந்தக் குமிழ் பாட்டுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறதாம், பேச்சுக் குரலுக்குத் தனியாக இன்னொரு அளவு வைத்திருக்கிறதாம். குரல் வந்துகொண்டிருக்கும்போது திருகினால்தான் குரலின் சத்தம் மாறுமாம். உன் அப்பா அந்தப் பெண்ணை அடக்குகிறேன் என்று நம் எல்லோரையும் சேர்த்து அடக்கிவிட்டார். இப்போது அவள் காலையில் பேசினால் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்கிறார், நீ சிரிக்கலாம், எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. உன் காருக்கும் இப்படி ஏதாவது வந்தால் அழித்துச் சேர்த்துக்கொண்டிருக்காதே, யாரையாவது கூப்பிடச் சொல்லி, அவர்கள் பேசும்போதே குமிழைத் திருகிப் பார்.

லின்வல் கிங்ஸ்டன் போய் ஆற்றின் நிலையைச் சொல்லிக் கேட்டு அடுத்த மாதம் வேறு நாள் வாங்கிவிட்டான், முந்தின நாளே போய் உன் அத்தை வீட்டில் தங்கப் போகிறார்கள், நானும் போகிறேன். பிள்ளையை நான் பிடித்து வைக்கவில்லை நோவி. அவள் போகும் நாளில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது உன் பாடு இல்லை, என் பாடு.

ஒன்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. ரேடியோ அடங்கியிருந்த நேரத்தில் உன் அப்பா, "ஏம்மா வாயே திறக்காம வர்ற, பயமா" என்று கடீஷாவைக் கேட்டார். நான் கத்திக்கொண்டிருந்தேன், ஆனாலும் அவள் பதில் காதில் விழுந்தது. "அம்மாவ எனக்கு போன்ல மூஞ்சிதான் தாத்தா தெரியும். அவங்க எவ்வளவு உயரம்னே எனக்குத் தெரியல. ஏர்போர்ட்ல போய் வேற யார் பக்கத்துலயாவது நின்னுடுவேனோன்னு இருக்கு" என்றாள். அவளை ஆறு வயதில் விட்டுப் போனாய், குழந்தைக்கு எல்லோருமே உயரம்தான், அவள் என்ன கண்டாள். நான் கேட்டது அவளுக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, வேலைக்குப் போகும்போது வயிற்றைக் காயப் போடாதே, தம்பியைக் கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை பேசு, அவன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி அனுப்பு. முகம் மட்டும் வேண்டாம். உன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, அதன் நிலையில் நேராக நின்று, தலையிலிருந்து செருப்புவரை தெரிய எடுத்து அனுப்பு.

உன் அம்மா,
ஐசில்டா பின்னக்