வளைந்த தட்டு

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவன் தயவில் நானும் பாப்பாவும் பேத்தியும் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

பாப்பா ஆராய்ச்சி செய்யும் நட்சத்திர மண்டலங்களின் படங்களை, பேத்தி தூங்கும்போது நான் வடிவம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறேன். நேற்று நாற்பத்து மூன்று. சீரான சுருள் தட்டுகள் முப்பத்தொன்று, கோணலானவை பன்னிரண்டு. பெரிய மண்டலங்கள் இரண்டு மோதிக் கலந்தால் சுருளே கலைந்து உருண்டையாகிவிடுமாம். கோணலில் ஒன்று மட்டும் ஓரம் வளைந்து தனியாக நின்றது.

"பக்கத்துல யாருமே இல்லையேடி, இது ஏன் கோணிக்கிச்சு?" என்றேன்.

"இன்னொண்ணு கிட்ட வந்துட்டுப் போயிருக்கும்மா. தொடக்கூட இல்ல. அது போனாலும் வளைவு லேசுல நிமிராது."

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. கை சுடவில்லை, பயப்படாதீர்கள்.

பாப்பா இன்னும் ஆறு மாதம் இங்கே இருக்கச் சொல்கிறாள். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். வா என்று எழுதினால் வந்துவிடுகிறேன்.

சாமி விளக்குக்கு எண்ணெய் பார்த்து ஊற்றுங்கள். பேத்தி எழுந்துவிட்டாள், முடிக்கிறேன். மெத்தையை வெயிலில் காயவைத்தால் திருப்பி விரிக்காதீர்கள். நான் படுக்கும் பக்கத்துக் குழி அப்படியே இருக்கட்டும்.