மேடையில் கொடுத்த செக்

ரெட்டிபாளையம்,
27.10.2025

அன்பு நர்மதாவுக்கு,

வளர்மதி எழுதுவது. நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். நான் நலமாக இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பதினோரு முறை கூப்பிட்டேன். ஒரே ஒரு முறை எடுத்து, மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் விழவில்லை. அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் ஆபீஸில் வருகிற தபாலுக்கெல்லாம் நம்பர் போடுவார்களாமே, இதற்கும் ஒரு நம்பர் போடச் சொல்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி பெரம்பலூர் கல்யாண மண்டபத்தில் நடந்த கடன் மேளாவை நீ மறந்திருக்க மாட்டாய். அரியலூர் காலேஜில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைத் திறந்து தின்றவள், சிறுதொழில் கடன் திட்டங்களுக்கு விதி எழுதுகிற அதிகாரியாகச் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினாய். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களிடமெல்லாம் அவள் என் சிநேகிதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த ஜாமீனும் வேண்டாம், அலைய வேண்டாம், அரசு உங்கள் பின்னால் நிற்கிறது என்று மைக்கில் சொன்னாய். கை வலிக்கத் தட்டினேன்.

அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். தார்ப்பாய் தைக்கும் தொழில்முனைவோர் வளர்மதி, நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். என்னைவிட அகலமான அந்த அட்டைச் செக்கை ஒரு பக்கம் நீ பிடித்தாய், மறுபக்கம் நான் பிடித்தேன். ‘சிரிடி, போட்டோ எடுக்குறாங்க’ என்று காதில் சொன்னாய். சிரித்தேன். மேடையை விட்டு இறங்கியதும் அங்கே நின்ற ஊழியரிடம், பணம் எப்போது வரும் என்று கேட்டேன். ‘பத்து நாள்ல அக்கவுண்ட்ல ஏறிடும்மா, போய்ட்டு வாங்க’ என்றார். மடக்கவும் முடியாத அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஊருக்கு வந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் திருச்சியிலிருந்து மெஷின் டீலர் ராஜதுரை போன் செய்தார். கனத்த துணி தைக்கிற பெரிய மோட்டார் மெஷினுக்கு அவரிடம்தான் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்திருந்தேன். ‘அதான் பேப்பர்லயே வந்துட்டுதே, இனி என்னம்மா யோசனை, நான் ஏத்தி அனுப்புறேன், லோன் ஏறுனதும் குடுங்க’ என்றார். என் பங்கு என்று செயினை அடகு வைத்து அறுபதாயிரம் கொடுத்தேன். பணம் முழுதும் வரும்வரை மெஷின் அவருடையது, ஓட்டக் கூடாது என்று பேச்சு. சரி என்றேன். பிளக் கூட மாட்டவில்லை.

அவசரப்பட்டாயே என்பாய். மழைக்காலத்துக்கு முன்னால் வாங்காமல் அந்த மெஷினை நான் சித்திரையில் வாங்கி என்ன செய்ய? இங்கே சிமென்ட் ஃபாக்டரிக்கு வந்து போகிற ஒவ்வொரு லாரிக்கும் ஐப்பசியில்தான் நல்ல தார்ப்பாய் வேண்டும். ஒரு மூலையில் கிழிந்திருந்தாலும் மேலே இருக்கிற சிமென்ட் மூட்டை கல்லாகிவிடும், டிரைவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் செந்திலுக்கே அப்படி இரண்டு முறை பிடித்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு லாரி வைத்திருக்கிற ஒரு முதலாளி, கார்த்திகை பிறப்பதற்குள் எல்லாவற்றுக்கும் தைத்துக் கொடுத்தால் வருடம் முழுதும் உனக்கே வேலை என்று சொல்லியிருந்தார். என் பழைய மிதி மெஷினில் அது ஆகாது. நான்கு மடிப்பு வந்தால் ஊசி உடைகிறது. அதற்குத்தான் கடன். ஊரைச் சுற்றிப் பார்க்க அல்ல.

இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. அதையும் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணைக்கும் பொட்டு வைக்கிற ஊர் நம் ஊர். புதிதாக வந்து நிற்கிற மெஷினை மட்டும் வெறும் நெற்றியோடு விட எனக்கு மனசு வரவில்லை. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் போட்டு, பொரிகடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். ஏழு நாள் கழித்து வங்கியிலிருந்து ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். காபி கூடக் குடிக்கவில்லை. நேராக மெஷினிடம் போய்க் குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கடன் ஒப்புதல் ஆகும் முன்பே மெஷின் வாங்கிவிட்டீர்களே என்றார். வாங்கவில்லை சார், இது டீலருடையது, நான் ஓட்டவே இல்லை என்றேன். ‘சொந்தமில்லாத மெஷினுக்கு யாரும்மா பூஜை போடுவாங்க?’ என்று கேட்டார்.

பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டினேன். அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் சிரித்தார், நர்மதா. ‘அது மேளாவுக்குக் குடுக்குறதும்மா, உங்க ஃபைலு அப்ப எங்க பேங்குக்கே வரல’ என்றார். மேடைக்கு ஆள் குறைந்ததால் பரிந்துரை மட்டும் ஆகியிருந்த பெயர்களையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டார்களாம். போன வெள்ளிக்கிழமை தபால் வந்தது. ஒப்புதலுக்கு முன்பே இயந்திரம் வாங்கிப் பயன்படுத்தப்பட்டுள்ளதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான். இதற்கு நடுவில் மேனேஜர் வேறு, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். ஜாமீன் வேண்டாம் என்று நீ மைக்கில் சொன்னதைச் சொன்னேன். மைக்கில் சொன்னதை மைக்கிடமே கேட்கச் சொன்னார்.

எனக்கு வயிறு எரிகிறது. கடன் கொடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கொடுத்தோம் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, அதை நம்பியதற்காகவே கொடுக்க மாட்டோம் என்கிறீர்கள். ஊரில் எல்லோருக்கும் நான் நான்கு லட்சத்து எண்பதாயிரம் வாங்கியவள். கைமாற்று கேட்டு வந்தவர்களிடம் பணம் வரவில்லை என்றேன், ஒருத்தரும் நம்பவில்லை. முந்திரி உடைக்கிற கம்பெனி வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்த கொளஞ்சி, வேலை எப்போதுக்கா ஆரம்பம் என்று தினமும் வாசலில் வந்து நிற்கிறாள். ராஜதுரை கார்த்திகை ஒன்றாம் தேதி வரை பொறுப்பார். அதற்கு மேல் வண்டி வந்துவிடும்.

உன்னிடம் பணம் கேட்கவில்லை. விதி எழுதுகிறவள் நீ. மேடையில் செக் கொடுத்த நாள்தான் கடன் ஒப்புதலான நாள் என்று ஒரு வரி எழுது. அது முடியாதென்றால், ஒப்புதல் ஆகாதவர் கையில் அட்டையைக் கொடுக்காதே என்று எழுது. இரண்டில் எது எழுதினாலும் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கார்த்திகைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் டிபன் பாக்ஸ் சிநேகிதி,
வளர்மதி


ரெட்டிபாளையம்,
18.11.2025

நர்மதாவுக்கு,

நேற்று மதியம் ராஜதுரையின் வண்டி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘எனக்கும் கம்பெனிக்குக் கட்டணும்மா’ என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். போக்குவரத்து, ஆள்கூலி என்று பதினெட்டாயிரம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். குங்குமத்தைத் துடைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் பழைய மெஷின் என்று வேறு யாரும் வாங்க மாட்டார்களாம். நானே துடைத்துக் கொடுத்தேன்.

நீ அனுப்பிய இரண்டு லட்சம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கூடவே வந்த செய்தியையும் படித்தேன். விதியில் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஃபைல் மேலே இருக்கிறது, இது உன் சொந்தப் பணம், டீலருக்கு இப்போதைக்கு இதைக் கொடு, மேளா விஷயத்தை வெளியே பேசாதே. கடைசி வரியை மட்டும் நீ எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன்.

சும்மா சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராஜதுரைக்குப் போன் செய்யப் போவதும் வைப்பதுமாக இருந்தேன். செந்தில், அவங்களா விரும்பிக் குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே என்றார். கொளஞ்சியும் அதையே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேப்பரில் வந்த அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். மேடையில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர் அட்டையோடு நிற்கிறார்கள். கீழே பெயரும் ஊரும் போட்டிருந்தது. விசாரித்து ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினேன். நான்கு பேருக்குப் பணம் வந்திருக்கிறது. என்னோடு சேர்த்து ஐந்து பேருக்கு வரவில்லை.

உனக்கு வலது பக்கத்தில் பச்சைச் சட்டையில் நிற்பவர் பூலாம்பாடி தர்மன் அண்ணன். மக்காச்சோளம் அரைத்து மாட்டுத்தீவனம் போட மெஷின் கேட்டவர். அட்டையை நம்பி, இருந்த கொட்டகையைப் பிரித்துவிட்டு வட்டிக்கு வாங்கிப் புதுக் கொட்டகை போட்டிருக்கிறார். இப்போது கொட்டகை இருக்கிறது, மெஷின் இல்லை. எனக்கு ஒரு யோசனை சொல்லும்மா, மேடையில இருந்த அந்த மேடம் உனக்குத் தெரிஞ்சவங்களாமே என்று கேட்டார். எனக்கு இரண்டு லட்சம் அனுப்பியிருக்கிறாள், உங்களுக்கு அனுப்ப மாட்டாள் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? அவருடைய டிபன் பாக்ஸை நீ தின்றதில்லையே.

அதனால் நேற்றுக் காலை வங்கிக்குப் போய் உன் பணத்தை உன் கணக்குக்கே திருப்பிவிட்டேன். அங்கே நடந்த கூத்தைக் கேள். ஒரு மாதமாக என்னை நிற்க வைத்தே பேசிய மேனேஜர், கணக்கில் இரண்டு லட்சத்தைப் பார்த்ததும் உட்காருங்க மேடம் என்றார். டெபாசிட் போடுகிறீர்களா என்று கேட்டார். டெபாசிட் போட்டால் அதன் பேரில் கடன் தருகிறாராம். பணம் இருக்கிறவளுக்குக் கடன் கொடுக்க உங்களுக்கு எந்த விதியும் குறுக்கே வருவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

லாரி முதலாளி வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். எனக்குக் கிழிசல் ஒட்டுப்போடுகிற வேலை மட்டும் வருகிறது. கொளஞ்சி முந்திரிக் கம்பெனிக்கே திரும்பப் போனாள், அங்கே பழைய கூலியில் பத்து ரூபாய் குறைத்துத்தான் சேர்த்தார்களாம். என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

இதோடு ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட மனுவை வைத்திருக்கிறேன். போன கடிதத்தில் கேட்ட அதே இரண்டு வரிதான் அதிலும் இருக்கிறது. ஃபைல் மேலே இருக்கிறது என்றாயே, இதையும் மேலே அனுப்பு. வெளியே பேசாதே என்றால் பேசத்தான் செய்வேன். அடுத்த மேளா தை மாதம் அரியலூரிலாம். ஐந்து பேரும் ஐந்து அட்டையோடு முதல் வரிசையில் வந்து உட்காருவோம். லக்கேஜ் டிக்கெட் எடுத்தாவது வருவேன்.

போன வாரம் கீழப்பழுவூரில் உன் அம்மாவைப் பார்த்தேன். விடாமல் வீட்டுக்கு அழைத்துப் போனார். நம் இரண்டு பேரும் அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எம் மவ ஒனக்குக் கடன் வாங்கிக் குடுத்துட்டாளாமே, தொழில் நல்லா நடக்குதா கண்ணு’ என்று கேட்டார். உன்மேல் இருந்த கோபத்துக்கு அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். ஆமாங்கம்மா, நல்லா நடக்குது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். உனக்காக உன் அம்மாவிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், நர்மதா. அவர் அடுத்த தடவை கேட்பதற்குள் அதை உண்மையாக்கிவிடு.

இப்படிக்கு,
வளர்மதி