கருவாட்டுப் பாயில் காய்ந்த மகரந்தம்

அன்புள்ள அப்பாவுக்குக் கார்குழலியின் வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் விற்க அனுப்பிய தேனீ மகரந்தத்தை இங்கே பிரான்சில், லியோனில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலேயே சோதித்தார்கள். உப்பு மிக அதிகமாம். பிள்ளைச்சாவடித் தோப்புச் சரக்கே இல்லை, போலி என்று எழுதப் போகிறார்கள். எழுதிவிட்டால் இனி யாரும் நம்மிடம் வாங்க மாட்டார்கள் அப்பா.

பொட்டலத்தை மோந்து பார்த்தேன். அம்மாவின் கருவாட்டுப் பாய்! "பாயில போட்டாதாம்மா சீக்கிரம் காயும்" என்பீர்களே. உப்பு அந்தப் பாயிலிருந்து ஏறியது என்று ஆய்வகத்தில் சொன்னேன், சிரித்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு சோதனைக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். உங்கள் காலில் விழுகிறேன், புதிதாக எடுத்ததை வெள்ளைத் துணியில் உலர்த்தி உடனே அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது. பழைய பொட்டலத்தைக் குப்பையில் போடச் சொன்னார்கள். தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் குழலி