அப்பாவின் காதில் இரண்டு வெள்ளைப் பட்டாணி

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி சுகமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. புதுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அம்மா எதற்குப் பேனாவைத் தேடி எடுத்தாள் என்று கேட்பாய். இந்த வீட்டில் இப்போதெல்லாம் போனில் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் அது நேராக உன் அப்பா காதுக்குப் போய்விடுகிறது. காகிதத்தில் எழுதினால் சத்தம் வராது. நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்கிறேன், வேலைக்கு நடுவில் படிக்காதே, சாவகாசமாக உட்கார்ந்து படி.

நீ உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணிடம் கொடுத்தனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. அவள் நேராகக் கடைக்கே கொண்டுவந்து விட்டாள், நல்ல பிள்ளை, கொஞ்சம் ஒல்லி. உன் அப்பா பெட்டியைக் கல்லா மேஜையில் வைத்துப் பிரித்து ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கையில் தூக்கி எடை பார்த்தார், ஆயுள் முழுக்க ஹார்டுவேர் கடை நடத்தியவர் வேறு எப்படிப் பார்ப்பார். பவர் பேங்கைத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம், ஏமாற்றாமல் செய்திருக்கிறான் என்றார். போனைத் தூக்கிப் பார்த்து, உள்ளே ஒன்றுமே வைக்கவில்லை போலிருக்கிறதே என்றார். திரைக்கு ஒட்டுகிற கண்ணாடியை அந்தப் பெண் ஒட்டித் தருகிறேன் என்றாள், இவர் விடவில்லை, சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டை எடுத்துவந்து தானே ஒட்டினார். ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டினார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும், ஆனால் ஓரமாகச் சாய்த்து ஒட்டிவிட்டார், இப்போது போனைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் தங்களையறியாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்க்கிறார்கள். மூன்று கால் ஸ்டாண்டைப் பார்த்ததும்தான் அவருக்கு முகம் மலர்ந்தது, ஏனென்றால் அதில் திருகாணி இருந்தது. திருகாணி சொத்தை என்று சொல்லி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நம் கடை நட்டு போல்ட்டைப் போட்டு முறுக்கினார். இனி அது இடி விழுந்தாலும் ஆடாது, ஆனால் மடங்கவும் மடங்காது. கூடத்தில் விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருக்கிறது, நான் துண்டு காயப்போடுகிறேன்.

எனக்கென்று நீ அனுப்பிய கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மாவு பிசைந்தால் நடக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறது, நிஜமாகவே மார்க்கெட்டுக்கு நடந்துபோய் இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு வந்தால் நான் நகரவே இல்லை என்கிறது. நாளெல்லாம் கால்கடுக்க நின்றுவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்த நிமிஷத்தில், எழுந்து நில் என்று மணிக்கட்டில் கிள்ளுகிறது. என் மாமியார்கூட அந்த அளவுக்குப் போனதில்லை. சரி, ஒரு நாள் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று கழற்றி உன் அப்பா கையில் மாட்டிவிட்டு நான் பாங்க்குக்குப் போனேன். அன்றைக்குத்தான் அப்பா விழுந்துவிட்டார் என்று உனக்கு அந்தத் தகவல் வந்தது. அவர் விழவெல்லாம் இல்லை. கடைக்குப் பின்னால் கோணிப்போன கம்பி ஒன்றைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். அடித்த அடியில் கடிகாரம், மனுஷன் மாடிப்படியில் உருண்டுவிட்டார் என்று முடிவுகட்டி, விழுந்துவிட்டீர்களா விழுந்துவிட்டீர்களா என்று கத்தியிருக்கிறது. இவர் காதில் அது விழுந்தால்தானே. பதில் இல்லை என்றதும் உனக்குத் தகவல் அனுப்பிவிட்டது. நீ போன் மேல் போன் அடித்திருக்கிறாய், கல்லா மேஜையில் போன் துள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது, அதுவும் அவர் காதில் விழவில்லை. கடைசியில் நீ உன் மாமாவைக் கூப்பிட, என் தம்பி சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வா மாப்பிள்ளை, என்ன இந்தப் பக்கம் என்றாராம். உனக்கு அன்றைக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும், எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான், நான் திரும்பி வந்தபிறகு.

உன் அப்பாவுக்குக் காது மந்தமாகி வருவது உனக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு என்று நாங்கள் சொன்னதில்லை. போன மாதம் ஒருவர் ஆணி கேட்டார், இவர் உள்ளே போய் மூச்சுவாங்க ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவரும் பாவம், இவ்வளவு சிரமப்பட்டுத் தூக்கி வந்துவிட்டாரே என்று ஏணியையே வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு நாள் சுத்தி கேட்டவரிடம் கத்தியை நீட்டினார், அவர் ஒன்றும் வாங்காமல் போனார். காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், அதை மாட்டினால் கிழவன் என்று எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி என்பார். நீ போனில் போட்டுக்கொடுத்த, பேச்சை எழுத்தாகக் காட்டுகிற ஆப்பையும் முயற்சி செய்து பார்த்தோம். மேஸ்திரி ஒருவர் வந்து அரை இஞ்ச் குழாய் வேண்டும் என்றார், திரையில் அரைகுறை மழை வேண்டும் என்று வந்தது. உன் அப்பா வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். காது கேட்காத மனுஷனுக்குக் காது கேட்காத ஆப் துணை என்று நான் அதை மூடி வைத்துவிட்டேன்.

பிறகுதான் அந்த வெள்ளைப் பட்டாணி இரண்டும் வெளியே வந்தன, நீ பெட்டியில் வைத்திருந்த இயர்பட்ஸ். அதன் டப்பாவை நான் மாத்திரை டப்பா என்று நினைத்து மருந்து அலமாரியில் வைத்திருந்தேன். பெட்டி கொண்டுவந்த உன் தோழி ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து போனில் என்னவோ தட்டி, இவர் காதில் இதை மாட்டி ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பாட்டுக் கேட்கத்தான் என்று நானும் இருந்துவிட்டேன். இவரும் பையன்கள் எல்லாம் மாட்டுகிறார்கள் என்று கண்ணாடியில் இந்தக் காதையும் அந்தக் காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முதல் நாளே ஒன்றை ஆணி டப்பாவுக்குள் போட்டுவிட்டார், அதில் காந்தம் இருக்கிறது போலிருக்கிறது, எடுத்தபோது சின்ன ஆணிகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. அதைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். போனை மட்டும் என் பக்கத்தில் கல்லா மேஜையிலேயே வைத்துவிட்டு, இவர் பின்னால் குழாய் அடுக்கப் போவார்.

நான் முணுமுணுப்பது உனக்குத் தெரியாதா. இத்தனை வருஷமாக அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நான் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருப்பேன், அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அன்றைக்கும் சில்லறையை எண்ணிக்கொண்டே, இந்த மனுஷன் வைத்த இடத்தில் ஒரு சாமானாவது இருக்கிறதா என்றேன். பின்னாலிருந்து, மூன்றாவது தட்டில் இருக்கிறது என்று பதில் வந்தது. எண்ணின சில்லறை எனக்கு மறந்துபோனது. கத்திச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன். மறுபடி, நெஞ்சுக்குள்ளேயே சொல்கிற மாதிரி, ஆமாம் பெரிய கணக்குப்பிள்ளை என்றேன். நீதான் கணக்குப்பிள்ளை, நான் முதலாளி என்று பதில் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, போன் மேஜையில் கிடந்து நான் பேசுவதை எல்லாம் பிடித்து அவர் காதுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இரண்டு பெண்களும் சேர்ந்து செய்த வேலையைப் பார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் முணுமுணுப்பதற்கு வேறு இடம் பார்த்திருப்பேன்.

ஆனால் வியாபாரத்துக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. ஆணி கேட்டால் ஆணி வந்தது. நானும் வாயை அடக்கிக்கொண்டேன். இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் உன் மாமா வந்தான். அந்தக் கடிகாரம் செய்த கலவரத்திலிருந்து அவனுக்கு இங்கே ஒரு கண். இவர் பின்னால் ஏணி மேல் நின்று பெயிண்ட் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தார். இவன் கல்லா மேஜையில், போனுக்குப் பக்கத்திலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தான். நானும் போன் கேட்டுக்கொண்டிருப்பதை மறந்தே போனேன், தம்பி வந்தால் எனக்கு உலகமே மறந்துவிடும்.

"அக்கா, மாமாவுக்கு இனிமே எதுக்குக்கா கடை? அன்னைக்கு நெஜமாவே விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? செல்போன் கவர் விக்கிறவன் ஒருத்தன் எடம் தேடிட்டிருக்கான். கடைய அவனுக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் வீட்ல நிம்மதியா இருங்க" என்றான்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அக்கறைதான். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கடை போனா போகட்டும்டா. வீட்ல போயி யார்கூட உக்காந்திருக்கச் சொல்ற? அவரு என்கிட்ட ஒரு கதை சொல்லி எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் கத்துறேன், அவரு தலையாட்டுறாரு. என்னன்னு புரிஞ்சு ஆட்டுறாரா, சும்மா ஆட்டுறாரான்னுகூட எனக்குத் தெரியாது. கடைல இருந்தாவது நாலு பேரு பேசுறது காதுல விழுது" என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் போனைப் பார்த்தேன். பின்னால் டப்பா அடுக்குகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது.

உன் அப்பா ஏணியிலிருந்து இறங்கி முன்னால் வந்தார். காதிலிருந்து இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார். உன் மாமாவைப் பார்த்து டீ குடிக்கிறாயா என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் அவரே போய் மூன்று டீ வாங்கிவந்தார். என் தம்பி அதை மருந்து மாதிரி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினான். அதற்கப்புறம் இவர் போய் மீதிப் பெயிண்ட் டப்பாவை அடுக்கி முடித்தார். சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன், சண்டைக்கு எனக்குப் பதில் தெரியும். மறுநாள் காலையில் கடைச் சாவியை எடுக்காமல் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். காய்ச்சலிலும் கடையைப் பூட்டாத மனுஷன். "கெளம்பு, காது டாக்டரைப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றார்.

டாக்டர் உன் வயசுப் பெண். முதலில் காதைச் சுத்தம் செய்தாள், செய்தாள், செய்துகொண்டே இருந்தாள். ஐயா, உள்ளே என்ன இவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று உரக்கக் கேட்டாள். இவர் ஸ்டாக் என்றார். பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றாள். இவர் பரீட்சை என்று நினைத்துக்கொண்டார். அமுக்கினார், அமுக்கினார், விடாமல் அமுக்கினார். அந்தப் பெண் கதவைத் திறந்து, நான் இன்னும் சத்தமே கொடுக்கவில்லையே ஐயா என்றாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஒழுங்காகச் சோதித்துப் பார்த்ததில் அழுக்கு எடுத்தும் இரண்டு காதும் பாதிக்குப் பாதிதான் கேட்கிறது, மிஷின் கண்டிப்பாக வேண்டும் என்றாள். அந்தப் பட்டாணி இருக்கிறதே என்றேன், அது போன் கிடக்கிற இடத்தில் பேசுவதைத்தான் கொண்டுவரும், இவருக்கு எதிரில் இருப்பவர் பேசுவது கேட்க வேண்டாமா என்றாள்.

மாதிரிக்கு ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, அம்மா நீங்கள் அவருக்குப் பின்னால் நின்று, கத்தாமல், சாதாரணமாக ஏதாவது பேசுங்கள் என்றாள். நான் போய் நின்றேன். வாலு, எனக்கு ஒன்றுமே வரவில்லை. கத்திக் கத்தியே பழகின தொண்டை, சாதாரணக் குரலில் அவரிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அவர் கழுத்துக்குப் பின்னால் முடி நரைத்து எவ்வளவோ நாளாகியிருக்கும், நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டர் பேசுங்கம்மா என்கிறாள். கடைசியில் "வீட்டுக் கதவப் பூட்டினீங்களா" என்று கேட்டேன், அவ்வளவுதான் வந்தது.

அவர் திரும்பவில்லை. "பூட்டிட்டேன். நீ இவ்வளவு மெதுவாக்கூடப் பேசுவியா" என்றார்.

என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். அவளும் ஃபேனை நிறுத்தினாள், நல்ல பெண்.

மிஷின் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் இருப்பதே தெரியவில்லை. கிழவன் என்று யாரும் சொல்லவில்லை, சொன்னால் இப்போது கேட்குமே, அதனால்கூட இருக்கலாம். அதற்கும் போனில் ஒரு ஆப் இருக்கிறது, விரலால் இழுத்தால் சத்தம் கூடும் குறையும். நான் வீட்டுச் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவர் கை மெல்லப் போனுக்குப் போகிறது. வீட்டில் இத்தனை நாள் இல்லாத சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கிறது. ஃபேன் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் விட்டார், குழாய் சொட்டுகிறது என்று வாஷர் மாற்றினார், என் செருப்பு சத்தம் போடுகிறது என்று அதற்கும் எண்ணெய் டப்பாவோடு வந்தார், நான் விரட்டிவிட்டேன். சாப்பிடும்போது கதை சொல்கிறார். எல்லாம் பழைய கதைதான், போன வருஷங்களில் சொல்லாமல் சேர்த்து வைத்தது, நான் புதுசு மாதிரி கேட்டுக்கொள்கிறேன். கடையை விடுகிற பேச்சு இப்போதைக்கு இல்லை என்று உன் மாமாவிடமும் சொல்லிவிட்டார், அவனும் சரி மாமா என்று ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு போனான்.

முந்தாநாள் பக்கத்துக் கடைத் தையல்காரர், கழுத்தில் டேப்போடு தயங்கித் தயங்கி வந்து நின்றார். என்ன வேண்டும் அண்ணா என்றேன். ஒன்றும் இல்லையம்மா, கொஞ்ச நாளாக உங்கள் கடையிலிருந்து சத்தமே காணோம், உங்களுக்குள் ஏதாவது பெரிய மனஸ்தாபமா, நான் வேண்டுமானால் அவரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றார். அதெல்லாம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறோம் என்றேன். மனுஷன் நம்பவில்லை, என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே படி இறங்கினார். பின்னாலிருந்து உன் அப்பா மெதுவாகச் சொன்னார்: "பாவம், அவருக்காக ஒரு தடவ கத்திடேன்." நானும் கத்தினேன். தையல்காரர் நிம்மதியாகப் போய்த் தைக்க ஆரம்பித்தார்.

சரி, கை வலிக்கிறது. நீ காதில் மாட்டிக்கொண்டு ரோட்டில் நடக்காதே, வண்டி பின்னால் வருவது தெரியாது. பாட்டைச் சத்தமாக வைக்காதே, உன் காது உன் அப்பா காது, அதை மறந்துவிடாதே. இனி பெட்டி எதுவும் அனுப்ப வேண்டாம், லீவு கிடைத்தால் உன்னையே அனுப்பி வை. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நல்ல மனுஷர்கள் நாலு பேர் உன்னைச் சுற்றி இருக்க, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் இதிலேயே எழுதச் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, போனை அவரே எடுப்பாராம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா