அடி தெரியாத தண்ணீர்

மே 2, வெள்ளி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. நீச்சல் குளத்துப் படிகளில் மறுபடியும் கறை. போன வாரம்தான் தண்ணீரை இறக்கி, ஆசிட் விட்டு, முட்டி தேயத் தேய்த்தேன். அதே இடம், அதே துரு நிறம்.

போர் தண்ணீரில் இரும்பு. நிரப்பும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். குளோரின் போட்டதும் பழுப்பாகிப் படிந்துவிடும். கறையை எடுக்கத் தண்ணீரை இறக்கினால், திரும்ப நிரப்புவது அதே போரிலிருந்து. எங்கே போய் முடியும்?

ஒரு வைட்டமின் சி மாத்திரையைக் கறை மேல் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். எடுத்தால் அந்த இடம் மட்டும் வெள்ளை வெளேர். இரும்புதான், சந்தேகமே இல்லை.

முதலாளி செல்வம் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "போன வாரந்தானம்மா தேச்ச? அதுக்குள்ள கறைன்னா நீ அங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்றார். வடிகட்டியில் மணல் மாற்ற வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டார். வெகுநேரம் முகம் எரிந்தது.

ஆழப் பக்கம் தரையில் வடிகால் துளை மேல் இருக்கும் சல்லடை மூடி இன்று தெரிந்தது. மங்கலாக. வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான்: மூடி கண்ணுக்குத் தெரியாத நாளில் யாரையும் இறக்கக் கூடாது.

வாங்க வேண்டியது: படிகாரம். நைலான் பிரஷ். மகள் இலக்கியாவுக்கு வீட்டுச் செருப்பு. தம்பி குழந்தைக்குக் கவுன், ஞாயிறு காதுகுத்து.

மே 3, சனி

கோடை வகுப்பு. கூட்டம். திண்டிவனத்தில் பாதிப் பிள்ளைகள் இங்கேதான் போலிருக்கிறது. விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிவிட்டது.

யாழினி இன்று மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஒரு தடவை போய் வந்துவிட்டாள். மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. அவள் அம்மா மலர் தினமும் ஊரிலிருந்து ஸ்கூட்டியில் கூட்டி வருகிறாள். மல்லாட்டை பிடுங்குகிற நேரம், கடலைக் கொல்லியில் வேலை கிடக்கிறது. ஆனாலும் வகுப்பு முடிகிற வரை பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

"எங்க வூட்ல யாருக்கும் நீச்சல் தெரியாதுக்கா. கெணத்துப் பக்கமே நான் போவ மாட்டேன். இவளாவது கத்துக்கட்டும்" என்றாள்.

மாலை எல்லோரும் போனதும் படிகாரம் கரைத்து ஊற்றினேன். மோட்டாரை நிறுத்தியாயிற்று. ராத்திரி முழுக்க அழுக்கு அடியில் படியும். ஞாயிறு வகுப்பு இல்லை. காலையில் மெதுவாக உறிஞ்சி வெளியே விட்டு, பகல் முழுக்க மோட்டார் ஓட்டினால் திங்கள் தெளிந்துவிடும்.

மெதுவாக. அதுதான் முக்கியம்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். ஆறு மணிக்கே குளத்தில். அடியில் படிந்ததை உறிஞ்சினேன், ஆனால் அவசரம். வீட்டுக்காரர் வெளியே பைக்கை உறுமவிட்டு, "ஜல்தி வாடி, காது குத்தி முடிச்சுருவாங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். குழாயை வேகமாக இழுத்தேன். படிந்தது பாதி மேலே கிளம்பிவிட்டது. மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்று போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பொம்மையார்பாளையம். அம்மா வீடு. நல்ல காற்று, வஞ்சிரம் குழம்பு. குழந்தை அலறியது, தம்பியும் கூட அழுதான். இலக்கியா மாமன் மகனோடு கடலில் இறங்கி ஆட்டம். நானும் புடவையோடு இறங்கினேன். அவர் கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

திரும்பி வரும்போது குளத்தை எட்டிப் பார்த்தேன். மதியம் கரண்ட் போயிருக்கிறது. வந்த பிறகு மோட்டாரைப் போட யாரும் இல்லை. உடம்பெல்லாம் உப்பு, அசதி. போட்டுவிட்டு வந்தேன். காலைக்குள் எவ்வளவு தெளியுமோ.

மே 5, திங்கள்

யாழினி உயிரோடு இருக்கிறாள்.

வேறு எதுவும் எழுத முடியவில்லை.

மே 6, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை தண்ணீர் அரிசி கழுவின கழுநீர் மாதிரி இருந்தது. மூடி தெரியவில்லை. மூடி என்ன, மூன்றாவது படிக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. செல்வம் சார் போன் செய்தார். "தண்ணி எப்டிமா இருக்கு?"

"பரவால்லீங்க சார்" என்றேன்.

அவர் கட்டாயப்படுத்தவில்லை. இன்று குளத்தை மூடலாம் என்று நான் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். மறுபடியும் "நீ இன்னா பண்ணிக்கினு இருக்க" என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் அந்த ஒரு வார்த்தை.

பிள்ளைகளை ஆழம் குறைந்த பக்கம் மட்டும் இறக்கினேன். நடுவில் கயிறு. ஒரு பையனுக்குக் காலடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன், முதுகு அந்தப் பக்கம். சத்தமே இல்லை. மலர்தான் நாற்காலியிலிருந்து கேட்டாள். "அக்கா, யாழினி எங்க?"

திரும்பினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பலகை மட்டும் மிதந்தது.

குதித்தேன். கண்ணைத் திறந்தால் வெள்ளை. என் கையே எனக்குத் தெரியவில்லை. தரையைக் கையால் துழாவினேன். ஓடு, ஓடு, சல்லடை மூடி. மூச்சு முட்டி மேலே வந்தேன். மலர் அலறிக்கொண்டிருந்தாள். மறுபடி போனேன். விரலில் சடை சிக்கியது.

உதடு நீலம். கரையில் போட்டு வாயில் வாய் வைத்து ஊதினேன். ஊத ஊத ஒன்றுமில்லை. பிறகு இருமி, தண்ணீரும் காலையில் தின்ற இட்லியுமாக என் மேலேயே வாந்தி எடுத்தாள். அந்த நாற்றத்தைப் போல ஒரு நல்ல நாற்றம் உலகத்தில் இல்லை.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நுரையீரலில் தண்ணீர் இருக்கலாம் என்று விழுப்புரம் அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கதவு மூடும் முன் மலர் இறங்கி ஓடி வந்து, அத்தனை பேர் நடுவில், என் காலில் விழுந்தாள். "நீதாங்க்கா எங்க குலசாமி."

நான் அவளைத் தூக்கவில்லை. கை வரவில்லை.

மே 7, புதன்

யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறேன். காய்கறிக் கடையில் ஒரு அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

செல்வம் சார் வீட்டுக்கே வந்தார். "சனிக்கெழம ஒரு சின்ன ஃபங்ஷன். சால்வ போத்தறோம். நம்ம பேரும் நல்லா இருக்கும், ஒனக்கும் பெருமை."

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன், மூடி தெரியவில்லை என்று. டிவியை நிறுத்திவிட்டார். "புள்ள பொழச்சிருச்சில்ல? நீதான காப்பாத்தன? உட்ரு. நீயா வாயத் தொறந்து பேஜாரு பண்ணிக்காத."

நேற்று எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். மறக்கவில்லை, விட்டேன். திங்கள் காலை இலக்கியாவும் என்னோடு வந்திருந்தாள். நீச்சல் உடையெல்லாம் போட்டுத் தயார். நான்தான் தடுத்தேன். "இன்னைக்கு நீ எறங்க வேணாம், கண்ணு எரியும். ஆபீஸ்ல ஒக்காந்து படம் வரை."

கண் எரியும் என்றா தடுத்தேன்? என் பிள்ளைக்கு வேண்டாம் என்று தெரிந்த தண்ணீரில் மலர் பிள்ளையை இறக்கினேன்.

மே 9, வெள்ளி

புழுக்கம். விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

யாழினிக்கு ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். குரல் கம்மியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். மலர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "இவங்கதான், நான் சொல்லிக்கினு இருந்தனே, அந்த அக்கா" என்றாள். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வராந்தாவுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். ஞாயிறு அவசரம், கரண்ட், மூடி, "பரவால்லீங்க சார்." இலக்கியாவை உட்கார வைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் மாறியது. கையில் சாத்துக்குடித் தோல் அப்படியே இருந்தது.

"ஏன் இப்ப வந்து சொல்றீங்க?"

"நீ என் கால்ல வுழுந்தியே மலரு. என்னால தாங்க முடியல."

"ஒங்களால தாங்க முடியலன்னு எங்கிட்ட எறக்கி வெக்க வந்தீங்களா?" சத்தம் போடவில்லை. "கண்ண மூடனா அந்தப் பலகதான் வருது. நீங்க அங்க இருந்தீங்கன்னு நெனச்சுக்கினுதான் கொஞ்சமாவது தூங்கனேன். இப்ப அதுவும் போச்சு."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அதையும் அவள்தானே சுமக்க வேண்டும்.

உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்காமல், "போங்க டீச்சர்" என்றாள். அக்கா இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. பாதியில் வைத்துவிட்டேன்.

மே 10, சனி

ஃபங்ஷன் நடக்கவில்லை. காலையிலேயே செல்வம் சாரிடம் போய், சால்வை வேண்டாம், நடந்தது இதுதான் என்றேன். மலரிடம் சொல்லிவிட்டதையும்.

நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "ஒனக்கு இன்னா பைத்தியமா? கேஸு வந்தா மொதல்ல நீதான் உள்ள போவ, தெரியுமா?"

"தெரியுங்க சார்."

"எங்கிட்ட பரவால்லன்னு சொன்னது நீ. நான் எறக்குன்னு சொல்லல."

"ஆமாங்க சார். நீங்க சொல்லல."

சாவியை மேஜை மேல் வைத்தேன். வெளியே வரும்போது குளத்தைப் பார்த்தேன். ஐந்து நாளாக யாரும் இறங்காத தண்ணீர் நன்றாகத் தெளிந்து, மூடி பளிச்சென்று தெரிந்தது. சுற்றிக் கறை. காறித் துப்பலாம் போல இருந்தது.

வீட்டில் அவரோடு பெரிய சண்டை. இலக்கியா கேட்டாள், "அம்மா, யாழினி என்னால மூழ்கனாளா?" எங்கள் சண்டை அவள் காதில் விழுந்திருக்கிறது. இல்லடி, இல்லடி என்று கட்டிக்கொண்டேன். என்னால் என்று சொன்னேன். புரிந்ததா தெரியவில்லை.

மே 14, புதன்

மதியம் இடி, நாலு தூறல். மண் வாசனை வருவதற்குள் நின்றுவிட்டது.

மலரின் வீட்டுக்காரர் போலீசில் மனு கொடுத்திருக்கிறார். குளத்துக்குப் பூட்டு. திங்கள்கிழமை என்னையும் விசாரித்தார்கள். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன். மறுபடி கூப்பிடுவார்களாம். மடியில் இருந்த கனம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

மாலையில் போன். மலர். வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறதாம். குரல் வறண்டு கிடந்தது.

"பாப்பா தலைக்கு ஊத்திக்க மாட்டேங்கறா. சொம்பப் பாத்தாலே கத்தறா. மூஞ்சி கூட கழுவ உடல. அவங்க அப்பா அடிச்சே பாத்துட்டாரு. எங்களுக்கு ஒன்னும் தெரியல. நீங்கதான தண்ணியப் பழக்கறவங்க? வந்து பாருங்க."

மே 15, வியாழன்

முதல் பஸ். மலர் ஊர். வாசலெல்லாம் மல்லாட்டை காய்கிறது. நடக்க இடம் பார்த்து நடந்தேன். அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லிக்குப் போய்விட்டார். உட்காரச் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பின்பக்கம் சிமெண்ட் தொட்டி. யாழினி எட்டிப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். தலை எண்ணெய்ப் பிசுக்காகச் சிக்குப் பிடித்திருந்தது. நான் அவளைக் கூப்பிடவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் கல் மேல் உட்கார்ந்தேன். சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு ஊத்து" என்றேன்.

நெடுநேரம் வரவில்லை. பிறகு வந்தாள். அரைச் சொம்பு மொண்டு, தள்ளி நின்று, என் தோளில் வீசினாள். அடுத்தது தலையில். பிறகு நிறுத்தவே இல்லை. சொம்பு சொம்பாக. மூக்கில், காதில், புடவையெல்லாம். கோபமாகத்தான் ஊற்றினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"கண்ண மூடாதீங்க மிஸ். தொறங்க."

திறந்துகொண்டேன்.

"எரியுதா?"

"எரியுது."

"எனக்கும் எரிஞ்சுது" என்றாள். இன்னொரு சொம்பு ஊற்றினாள். அதன்பின் தன் கையை மட்டும் தொட்டிக்குள் விட்டு, முழங்கை வரை, அப்படியே வைத்திருந்தாள். இன்றைக்கு அது போதும் என்று எழுந்துவிட்டேன்.

மலர் பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. நான் பக்கத்தில் போனதும் துடைத்துக்கொண்டு, காயும் மல்லாட்டையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாளைக்கும் வாங்க."

துண்டு கொடுக்கவில்லை. சொட்டச் சொட்டப் பஸ் ஏறினேன். சீட்டெல்லாம் நனைகிறது என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நாளைக்கு மாற்றுப் புடவை எடுத்துப் போக வேண்டும்.